குறட்டை நின்றால் போதுமா?

"டாக்டர், இவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு எட்டு நாளாச்சு. ஒரு வாய் கஞ்சிகூட இறங்க மாட்டேங்குது. தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன்... வெள்ளை வெள்ளையா சீழ் வச்சிருக்கு. நீங்கதான் ஏதாவது லேகியம் கொடுத்து ஆத்தணும்!"

ஒருநாள் மாலை என் வைத்தியசாலைக்கு வந்த அந்த அம்மா படபடப்போடு சொன்னார். பக்கத்தில் அவருடைய கணவர். வங்கி அதிகாரி, வயது 48. பேச முடியாததால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார்: 'காதும் சேர்ந்து வலிக்கிறது. ஏன்தான் இந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்தேனோ!'

பல வருஷக் குறட்டை. கூடவே தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு. அதற்காகத்தான் ஆபரேஷன்.

நான் லேகியம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அவர்கள் வீட்டில் செய்துகொண்டிருந்த கை வைத்தியத்தை நிறுத்தச் சொன்னேன். 'சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே!' என்று அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். ஏன் நிறுத்தினேன் என்பதையும், அதைவிட முக்கியமாக, ஆறு மாதம் கழித்து அதே தம்பதி மறுபடி வந்தபோது தெரிந்துகொண்ட விஷயத்தையும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இந்த ஆபரேஷனுக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம்.

கிண்டல் செய்கிற விஷயமா?

நம் வீடுகளில் குறட்டை என்றாலே கேலிதான். 'கும்பகர்ணன்' என்று பட்டம் கொடுத்துவிட்டு, போர்வையால் காதை மூடிக்கொண்டு படுத்துவிடுவோம். ஆனால் எல்லாக் குறட்டையும் சிரித்துவிட்டுப் போகிற குறட்டை அல்ல.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. உள்நாக்கு, அதைத் தாங்குகிற அண்ணத்தின் மென்மையான பின்பகுதி, நாக்கின் அடிப்பகுதி எல்லாம் பின்பக்கம் சரிந்து மூச்சுப் பாதையைச் சுருக்குகின்றன. அந்தச் சின்னச் சந்துக்குள் காற்று நுழையும்போது சதை அதிர்கிறது. அந்தச் சத்தம்தான் குறட்டை.

பாதை முழுசாக அடைத்துக்கொண்டால்? சத்தம் நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும்! நெஞ்சு ஏறி இறங்கும். காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பும். பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம்... மறுபடி அடைப்பு. காலையில் எழுந்தால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. தலைவலி இருக்கும். பகலெல்லாம் தூக்கம் சொக்கும்.

இப்படி 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் தூக்கப் பரிசோதனையில் எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறைக்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசான கோளாறு. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ஐத் தாண்டினால் கடுமை. நம் வங்கி அதிகாரிக்கு ஆபரேஷனுக்கு முன்னால் 42! இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பக்கவாத அபாயமும் கூடுகிறது.

அடக்கக் கூடாத 14 வேகங்கள் என்று எங்கள் சித்த மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம் என்று போகிற அந்தப் பட்டியலில் தூக்கமும் இருக்கிறது, சுவாசமும் இருக்கிறது. இந்த நோயில் இரண்டும் ஒரே ராத்திரியில், ஒன்றால் ஒன்று கெடுகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பகலில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்து, 'உங்களுக்கு ராத்திரி இத்தனை முறை மூச்சு நிற்கிறது' என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குத் தூக்கப் பரிசோதனைதான் வேண்டும்.

தொண்டைக்குள் என்ன செய்கிறார்கள்?

1981-ஆம் வருஷத்தில் இந்த நோய்க்கு இரண்டு வழிகள் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தன. ஒன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டாக்டர் ஃபுஜிடா விவரித்த ஆபரேஷன். டான்சிலை எடுத்து, உள்நாக்கையும் அண்ணத்தின் தொங்குகிற பின்பகுதியையும் வெட்டிச் சுருக்கித் தைத்து, தொண்டையை அகலப்படுத்துவது. இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் டாக்டர் காலின் சல்லிவன் வெளியிட்ட முறை. மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை ஓர் அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வது. அதுதான் இன்றைக்கு 'சிபாப்' என்று சொல்கிற மெஷின்.

பொதுவாகப் பெரியவர்களுக்கு முதலில் மெஷினைத்தான் சொல்வார்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், டான்சில் பெரிதாக இருந்து வழியை அடைப்பவர்களுக்கும் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். இப்போது அதிகம் வெட்டாமல், தசையைத் திருப்பி இழுத்துத் தைக்கிற முறைகளும் வந்துவிட்டன. எந்த முறையானாலும் தொண்டைக்குள் ஏற்படுவது புண்தான். கையில் புண் என்றால் கட்டுப் போட்டு அசைக்காமல் வைக்கலாம். தொண்டைப் புண்ணை அப்படி வைக்க முடியுமா? எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது அசைந்துகொண்டேதான் இருக்கும்.

வெள்ளையாக இருப்பது சீழா?

இல்லை. அந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்தது, புண்ணின் மேல் படர்கிற ஆறும் படலம். வெளியே காயத்தில் பொருக்கு கட்டுமே, அதேதான் இது. தொண்டை ஈரமாக இருப்பதால் வெள்ளையாக, சில சமயம் மஞ்சளாகத் தெரிகிறது. வாய் நாற்றமும் இருக்கும். பயப்படாதீர்கள். விரலையோ துணியையோ விட்டுத் தேய்த்து எடுக்கவே கூடாது. தானாக உதிரும்.

காது வலி? தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. அதனால் தொண்டை வலி காதில் தெரிகிறது. காதில் எண்ணெய் விடாதீர்கள்.

இன்னொன்றும் சிலரைக் கலங்கடிக்கும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். குரல் மூக்கால் பேசுவது போல மாறும். அண்ணம் சரியாக மூடப் பழகும்வரை இப்படி இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். மூன்று மாதமாகியும் மாறவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலி எத்தனை நாள்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வலி கடுமையாகத்தான் இருக்கும். முதல் இரண்டு நாளைவிட, மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம்வரை அதிகமாகத் தெரியலாம். 'குறைவதற்குப் பதில் கூடுகிறதே' என்று கலங்க வேண்டாம். பலருக்கு இரண்டாம் வார முடிவில் தணியும். சிலருக்கு மூன்று வாரமும் ஆகும். இரண்டு வாரம் லீவு போட்டுவிடுங்கள். கனமான பொருளைத் தூக்குவது, ஓடுவது, ஜிம்முக்குப் போவது எதுவும் அந்த நாட்களில் வேண்டாம்.

நம் அதிகாரி ஒரு தப்பு செய்திருந்தார். 'மாத்திரை சூடு' என்று யாரோ சொன்னதால், நாலாம் நாளே வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். வலிக்குப் பயந்து விழுங்கவில்லை. விழுங்காததால் தொண்டை காய்ந்தது. காய்ந்ததால் வலி இன்னும் கூடியது! எழுதிக் கொடுத்த மாத்திரையை எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் விழுங்குவது சுலபமாகும்.

ஆனால் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலுக்குக் கெடுதல். மயக்கம் தருகிற வலி மருந்துகள் மூச்சையே மந்தமாக்கும். தொண்டை வீங்கியிருக்கிற நேரம். ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஆள். இவருக்குத் தூக்க மாத்திரை, மது இரண்டும் விஷம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

படுக்கும்போது தலையும் முதுகும் சேர்ந்து உயர்ந்திருக்கட்டும். வெறும் தலையணையை அடுக்கிக் கழுத்தை மட்டும் மடக்கினால் பிரயோஜனம் இல்லை. முன்பே சிபாப் மெஷின் வைத்திருந்தவர்கள், எந்த ராத்திரியிலிருந்து மறுபடி மாட்டுவது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுப்படியில் கவனம்

இங்கேதான் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வரும்! "ஆபரேஷன் ஆன தொண்டைக்கு ஐஸ்கிரீமா? சளி பிடிக்காதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், கொடுக்கலாம். குளிர்ச்சி அந்தப் புண்ணுக்கு இதம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் ஐஸ்கிரீமுக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரோ மோரோ போதும்.

முதல் சில நாள்: ஆறிய நொய்க்கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், புளிக்காத மோர், இளநீர், பால், பருப்புத் தண்ணீர். பிறகு குழைந்த சாதத்தில் பருப்பு, தயிரில் ஊறிய இட்லி, இடியாப்பம் பாலோடு, மசித்த வாழைப்பழம், அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வெந்த மிருதுவான முட்டை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீருக்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டு வாரம் வேண்டாதவை: கொதிக்கக் கொதிக்கக் காபி, புளிக்குழம்பு, மிளகு ரசம், ஊறுகாய், எலுமிச்சை, முறுக்கு, அப்பளம், முறுகல் தோசை, வெற்றிலை பாக்கு. சிகரெட் அறவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மட்டுமல்ல, எப்போதுமே!

பசிக்காவிட்டாலும் தண்ணீரை விடக் கூடாது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் சில மடக்கு. சிறுநீர் குறைந்து, அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம்.

கஷாயத்தை ஏன் நிறுத்தினேன்?

அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? காலையில் சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயம், சுடச்சுட. மத்தியானம் மஞ்சள் போட்ட உப்பு வெந்நீரில் தொண்டை அதிரக் கொப்பளிப்பு. 'இருமலுக்கு நல்லது' என்று வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரம். ராத்திரி தூக்கம் வர அமுக்கரா சூரணம். எல்லாம் நல்ல மருந்துகள். நானே பலருக்குக் கொடுக்கிறவைதான். ஆனால் நேரம் தப்பு.

சூடும் காரமும் பச்சைப் புண்ணை எரிக்கும். பலமாகக் கொப்பளித்தால் படலம் முன்கூட்டியே பெயர்ந்து ரத்தம் வரலாம். இஞ்சி, சுக்கு, பூண்டு, மஞ்சள் ஆகியவை மருந்தளவில் உள்ளே போகும்போது ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இவருக்கோ ஏற்கெனவே அழுத்தம். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும். வலி மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகலாம்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆபரேஷன் தேதி முடிவானவுடனே, சாப்பிடுகிற சூரணம், லேகியம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் ஆபரேஷன் செய்கிற டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் காட்டுங்கள். மூலிகை மருந்துகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. மறுபடி தொடங்குவது, புண் ஆறியது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. 'இயற்கை மருந்துதானே, சொல்ல வேண்டாம்' என்று மறைக்காதீர்கள்.

இதைக் கண்டால் தாமதம் வேண்டாம்

எச்சிலில் இலேசாக இளஞ்சிவப்புக் கீற்று வரலாம். ஆனால் புது ரத்தம், சிவப்பாக வருகிறதா? அளவு கொஞ்சமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த அபாயம் முதல் 24 மணி நேரத்தில் உண்டு. பிறகு படலம் உதிரும் நேரத்தில், அதாவது 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள்வரை, இன்னொரு முறை உண்டு. 'ஒரு வாரம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை' என்று ஊருக்குப் பயணம் கிளம்புவது இதனால்தான் தப்பு. போகிற வழியில் நோயாளி முன்பக்கம் குனிந்து உட்காரட்டும். ரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள்.

மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத மயக்கத் தூக்கம், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே இறங்காத நிலை... இவையும் காத்திருக்கக் கூடாத விஷயங்கள்.

ஆறு மாதம் கழித்து

அன்றைக்கு அவரை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே அனுப்பினேன். புண் ஒழுங்காக ஆறுகிறது என்று சொல்லி, வலி மாத்திரையை நேரப்படி போடச் சொன்னார். மூன்றாவது வாரம் அதிகாரி வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எல்லோருக்கும் நிம்மதி.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. துணைக்குக் கணவர் வந்தார். "குறட்டை சுத்தமா நின்னுடுச்சு டாக்டர். பழைய மெஷினைப் பரண்ல தூக்கிப் போட்டாச்சு!" என்று அம்மா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரின் தலை நெஞ்சில் சாய்ந்தது. தூங்கிவிட்டார். மாலை ஆறு மணிக்கு!

எழுப்பிக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். காலையில் தலைவலி இருக்கிறது. போன வாரம் ஸ்கூட்டரில் போகும்போது ஒரு கணம் கண் சொக்கி, சாலை நடுக்கட்டை உரசிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் தூக்கப் பரிசோதனை செய்தீர்களா?"

"இல்லையே... குறட்டைதான் நின்னுடுச்சே!"

மறு பரிசோதனை நடந்தது. 42 ஆக இருந்தது 19 ஆகக் குறைந்திருந்தது. குறைந்தது உண்மை. ஆனால் மணிக்கு 19 முறை இன்னமும் மூச்சு தடைப்படுகிறது, சத்தமே இல்லாமல்!

காரணம் புரிகிறதா? சத்தம் போட்டது அண்ணமும் உள்நாக்கும். அவற்றைச் சுருக்கியதும் சத்தம் போய்விட்டது. ஆனால் அடைப்பு அந்த ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. நாக்கின் அடிப்பகுதி பின்னால் விழுவதும், கழுத்தைச் சுற்றிய கொழுப்பு அழுத்துவதும் அப்படியே இருக்கலாம். இந்த ஆபரேஷனால் பலருக்கு நல்ல பலன் உண்டு. ஆனால் எல்லோருக்கும் நோய் முழுசாகப் போய்விடுவதில்லை.

அந்த அம்மா சொன்ன வார்த்தை என்னால் மறக்க முடியாதது. "முன்னெல்லாம் குறட்டை திடீர்னு நின்னா முழிச்சுக்குவேன் டாக்டர். தட்டி எழுப்புவேன். இப்போ சத்தமே இல்லைன்னு நான் நிம்மதியா தூங்கிட்டேனே!"

அது அவர் தவறல்ல. முதலில் வந்தபோது மறு பரிசோதனையைப் பற்றி நானும் கேட்டிருக்க வேண்டும். தொண்டைப் புண்ணைப் பார்த்தேனே தவிர, அதைக் கேட்கத் தவறிவிட்டேன். இப்போது இந்த ஆபரேஷன் ஆனவர் யார் வந்தாலும் எனது முதல் கேள்வி அதுதான்.

மறுபத்தியம்

எங்கள் மருத்துவத்தில் 'மறுபத்தியம்' என்று ஒன்று உண்டு. மருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் சில காலம் பத்தியத்தைத் தொடர்வது. மருந்து நின்றதும் பத்தியத்தையும் விட்டால் நோய் திரும்பும் என்பார்கள். இந்த ஆபரேஷனுக்கும் மறுபத்தியம் உண்டு.

முதலாவது, ஆபரேஷன் முடிந்து 3 முதல் 6 மாதத்துக்குள் மறு தூக்கப் பரிசோதனை. அதன் முடிவு வரும்வரை டாக்டர் சொல்லாமல் மெஷினை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, உடல் எடை. பருமனானவர் எடையில் 10 சதவிகிதம் குறைத்தால் மூச்சுத் தடை சுமார் கால் பங்கு குறைவதாக அமெரிக்காவில் விஸ்கான்சின் ஆய்வில் கண்டு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எடை ஏறினால் அதைவிட வேகமாக நோயும் ஏறும். ஆபரேஷனால் இளைத்த நாலு கிலோவை விருந்து சாப்பிட்டு மீட்டுக்கொள்ளாதீர்கள்!

மூன்றாவது, படுக்கை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். இடக்கை கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பது எங்கள் மருத்துவம் சொல்கிற முறை. புண் ஆறிய பிறகு அதைப் பழகுங்கள்.

நான்காவது, பகல் தூக்கம், காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவது, இறங்காத ரத்த அழுத்தம். இவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள். பகலில் கண் சொக்குகிறவர் நிலைமை சரியாகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

பரணிலிருந்து மெஷின் இறங்கியது. ஆபரேஷனுக்கு முன்பைவிடக் குறைந்த அழுத்தமே இப்போது போதுமாக இருந்ததால், முன்னால் ஒத்துக்கொள்ளாத மாஸ்க் இப்போது ஒத்துக்கொண்டது. பட்ட வலி வீண்போகவில்லை. தலைவலி போயிற்று, பகல் தூக்கமும் போயிற்று. "இப்ப மெஷின் சத்தம் லேசா கேட்டாத்தான் டாக்டர் எனக்குத் தூக்கம் வருது" என்று சிரிக்கிறார் அந்த அம்மா.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே மறு பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், கஞ்சி வைப்பதற்கு முன்னால், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.